அப்பாவின் பி.எஃப்.

என் அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று நிரூபிப்பதற்காகப் போன வருஷம் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்தேன். பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும், இப்போது கைரேகை. சிங்காநல்லூர் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்த பெண், கருவியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “கட்டை விரலை நல்லா அழுத்தி வைங்க தாத்தா” என்றாள். வைத்தார். பதியவில்லை. அடுத்து ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு இடது கை. ஈரத் துணியில் துடைத்துவிட்டு மறுபடி வலது கை. பத்து விரலும் முடிந்தது.

“ரேகையே இல்லீங்க தாத்தா.”

“மில்லு தின்னுபோட்டுது கண்ணு” என்றார் அப்பா. கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அவர் நூற்பாலையில் ரிங் ஃப்ரேம் பகுதியில் சைடராக இருந்தவர். ஓடுகிற கதிரில் நூல் அறுந்தால் விரல் நுனியால் பிடித்து ஒட்ட வேண்டும். ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை என்று யாரும் எண்ணுவதில்லை. 36 வருஷம் ஒட்டினார். கடைசியில் அந்தப் பெண் செல்போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, “கண்ணைச் சிமிட்டுங்க” என்றாள். சிமிட்டினார். அரசாங்கம் அவர் இருப்பை ஒப்புக்கொண்டது. இன்னும் ஒரு வருஷத்துக்கு மாதம் 2,140 ரூபாய் வரும்.

திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் இருந்து கேட்டார்: “ஏன் கண்ணு, உனக்கு அரை நாள் சம்பளம் எத்தனை வரும்?”

டிராஃபிக் சத்தத்தில் கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன். அவருக்கு மனக்கணக்கு நன்றாக வரும். என் அரை நாள் சம்பளம் அவருடைய ஒரு மாத பென்ஷனைவிட அதிகம். அந்தக் கணக்கிலிருந்து இன்னும் என்னால் வெளியே வர முடியவில்லை. இந்தக் கட்டுரை அதனால்தான்.

*

முதலில் அந்த 2,140 எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். கணினிக்காரன் என்பதால் சூத்திரத்தைப் பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது.

வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல் வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து, முதலாளியிடமும் அதே அளவு வாங்கி, வேலை முடியும்வரை பூட்டி வைப்பது. இப்போது ஆளுக்கு 12 சதவீதம். 1995 நவம்பரில் இதோடு பென்ஷன் திட்டம் சேர்ந்தது. முதலாளியின் 12-இல் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகும். பென்ஷன் கணக்கு எளிமையானது: பென்ஷனுக்கான சம்பளத்தை வேலை பார்த்த வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஆனால் அந்தச் ‘சம்பளத்துக்கு’ ஒரு மேல் வரம்பு உண்டு. அப்பா 2014-இன் தொடக்கத்தில் 58 வயதில் ஓய்வு பெற்றபோது வரம்பு 6,500 ரூபாய். அதே வருஷம் செப்டம்பரில் அது 15,000 ஆனது. அவர் சில மாதங்களில் தவறவிட்டார். புதிய வரம்பிலும் 35 வருஷம் முழுசாக வேலை பார்த்தவருக்கு 7,500தான் வரும். குறைந்தபட்ச பென்ஷன் அன்றைக்கு 1,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. விலைவாசி ஏறினால் இந்தப் பென்ஷன் கூடவே ஏறாது. இறக்கும்வரை அதே எண்.

பென்ஷன் சின்னது என்பது 1995-லேயே தெரிந்த விஷயம். முதுமைக்கான உண்மையான தொகை பி.எஃப். கணக்கில் இருக்க வேண்டியது. இருந்தது. அப்பா அதை இரண்டு முறை எடுத்தார். முதல் தடவை 2004-இல், அக்கா கல்யாணத்துக்கு. அடுத்தது 2006-இல், நான் பொறியியல் சேர்ந்த அடுத்த வருஷம். அப்போதைய விதிப்படி ஏழு வருஷம் பணம் கட்டியவர் தன் பங்கில் பாதி வரை பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் மேற்படிப்புக்கும் எடுக்கலாம். இந்தச் சட்டத்தை நான் ரசிப்பது இந்த இடத்தில்தான். ஒரு பக்கம் அது நம்மை நம்பவில்லை. கையில் கொடுத்தால் செலவழித்துவிடுவான் என்று பூட்டி வைக்கிறது. இன்னொரு பக்கம், மகளின் கல்யாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் முன்னால் எந்தப் பூட்டும் நிற்காது என்று தெரிந்து, சாவியையும் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறது. எழுதியவர்களுக்கு நம்மைத் தெரிந்திருக்கிறது.

அதற்கு முன்னால் கல்விக் கடனுக்காக அப்பா ஒரு வங்கிக்கு இரண்டு மாதம் நடந்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். பத்து மணிக்கு மேலாளர் வருவார், பதினொன்றுக்கு ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்பார். பிறகு ஒரு நாள் அப்பா வங்கிக்குப் போவதை நிறுத்திவிட்டு பி.எஃப். படிவத்தை வாங்கி வந்தார். ஓய்வு பெற்றபோது மிஞ்சிய பணத்தில் பழைய கடன்கள் அடைந்தன. வீட்டுக்குத் தளம் போட்டார்கள். அவ்வளவுதான்.

*

கொங்கு நாட்டில் சேமிப்பைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதைக் கேட்டு வளர்ந்த ஊர். மழை நம்பிக்கையில்லாத பூமி, கிணறு நூறு அடிக்குக் கீழே. மிச்சம் பிடிக்காதவன் தாக்குப்பிடிக்க மாட்டான். ஆனால் அந்த மிச்சமெல்லாம் எப்போதும் ஒரு பொருளாக மாறும்: காடு, மாடு, தங்கம், சீட்டு. முதுமைக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. காடு இருந்தால் பிள்ளைகள் இருப்பார்கள், பிள்ளைகள் இருந்தால் சோறு இருக்கும். இதுதான் திட்டம்.

கோயம்புத்தூர் வளர வளர இந்தத் திட்டத்தில் ஒரு விசித்திரம் சேர்ந்தது. என் அப்புச்சியின் இரண்டு ஏக்கர் காடு, அவருடைய கடைசிக் காலத்தில், காகிதத்தில் கோடிக்கு மேல் போகும். ஆனால் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போக மாமாவிடம்தான் காசு கேட்பார். நிலத்தில் நூறு ரூபாய் அளவுக்கு மட்டும் கிள்ளி விற்க முடியாது. விற்றால் மொத்தமாக விற்க வேண்டும், விற்றால் குடும்பம் உடையும். கோடீஸ்வரராக இருந்துகொண்டே கை நீட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர். பாசத்தில் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பவர்களும் உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தபோது அதற்கென்று ஒரு பிரிவே வைத்தார்கள். பார்த்துக்கொள்வதாக நிபந்தனை எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்ப வாங்கலாம். அன்புக்கு நிபந்தனை எழுதத் தெரியாதவர்களை அந்தச் சட்டமும் முழுசாகக் காப்பாற்றாது.

இன்னொரு பக்கம் ரொக்கம். 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் பெருந்துறைச் சாலையெங்கும் ஈமு கோழிப் பண்ணை விளம்பரங்கள். லட்சக்கணக்கில் கட்டினால் குஞ்சும் தீவனமும் தருவார்கள், மாதாமாதம் பணமும் வரும் என்றார்கள். அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர் செட்டில்மெண்ட் பணத்தை அப்படி ஒன்றில் போட்டார். 2012-இல் எல்லாம் சரிந்தது. அனாதையாக நின்ற பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டி வந்தது. அதற்கு முன்பே திருப்பூரில் பாசி நிறுவனம் அந்நியச் செலாவணி வர்த்தகம் என்று சொல்லி வாங்கிய பணம் போயிருந்தது. அந்த வழக்கில் 2022-இல்தான் கோவை நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. பேராசைக்காரர்கள் ஏமாந்தார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஈமு அவர்களுக்குத் தெரிந்த ஒன்றின் வேஷத்தில் வந்தது. கொட்டகை, தீவனம், மாதம் பிறந்தால் பணம். அது மாடு. பால் சொசைட்டிப் பணத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு மியூச்சுவல் ஃபண்டைவிட ஈமுதான் புரிந்தது. ஓய்வு பெறும் நாளில் ஒருவனிடம் வாழ்நாளிலேயே பெரிய தொகையைக் கொடுத்து, அதை என்ன செய்வது என்று மட்டும் சொல்லித் தராமல் வீட்டுக்கு அனுப்புகிறோம். ஏமாற்றுகிறவன் அந்த வாசலில்தான் நிற்பான்.

*

எனக்கு வேலை கிடைத்த பிறகு, எல்லோரையும் போல, நிதி ஆலோசனைகளைப் படிக்க ஆரம்பித்தேன். எல்லா இடத்திலும் ஒரு வாக்கியம் தப்பாமல் வரும்: பிள்ளையின் படிப்புக்குக் கடன் கிடைக்கும், உங்கள் ஓய்வுக்காலத்துக்கு யாரும் கடன் தரமாட்டார்கள், ஆகவே ஓய்வுக்கால நிதியைத் தொடாதீர்கள். தர்க்கம் சரிதான். இதை நண்பர்களுக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் உறைத்தது. அந்த அறிவுரைப்படி அப்பா செய்தது தவறு. அந்தத் தவறின் விளைவு நான். அவர் புத்திசாலித்தனமாக நடந்திருந்தால் நான் இந்த அறிவுரையைப் படிக்கும் இடத்துக்கே வந்திருக்க மாட்டேன்.

அப்பா செய்தது சரியா தவறா? இந்தக் கேள்விக்கு உதவியவர் டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி. 1984-இல் வந்த ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ என்ற நூலில் ஒரு சிறுவனைப் பற்றி எழுதுகிறார். சிகரெட் பிடிக்க ஆரம்பிக்கிறான். ஐம்பது வருஷம் கழித்து அதனால் துன்பப்படலாம் என்று தெரியும். ஆனால் அந்தக் கிழவனை அவன் தானாகவே நினைப்பதில்லை, யாரோ ஒருவர் மாதிரிதான் நினைக்கிறான். பார்ஃபிட் அவனை முட்டாள் என்று திட்டுவதில்லை. அந்தக் கிழவனோடு அவனுக்குள்ள தொடர்பு உண்மையிலேயே மெலிந்ததுதான் என்கிறார். ஆனால் அங்கிருந்து வேறு ஒரு முடிவுக்கு வருகிறார். எதிர்கால நான் கிட்டத்தட்ட இன்னொரு மனிதன் என்றால், அவனை நட்டாற்றில் விடுவது வெறும் விவேகக் குறைவு ஆகாது, இன்னொருவனுக்குச் செய்த தீங்கு ஆகிவிடும். நம் உடம்பையும் பணத்தையும் நாம் என்ன செய்தாலும் நம் பாடு என்று சொல்ல முடியாது. பின்னால் ஒருத்தர் வந்துகொண்டிருக்கிறார்.

இதைப் படித்தபோது 2006-ஆம் வருஷத்து அப்பா எனக்கு வேறு மாதிரி தெரிந்தார். அவர் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் பதினெட்டு வயது மகன், ஃபீஸ் கட்டக் கடைசித் தேதியோடு நிற்கிறான். இன்னொருவர் எழுபது வயதுக் கிழவர், இன்னும் முகம்கூட வரவில்லை. அப்பா முகம் தெரிந்தவனுக்குக் கொடுத்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்தக் கிழவருக்கு அன்றைக்கு யாரும் பரிந்து பேசவில்லை என்பதும் உண்மை. இன்று ரேகையில்லாத விரல்களோடு கருவி முன்னால் உட்கார்ந்திருந்தது அவர்தான்.

*

போன பொங்கலுக்கு வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மாதம் 10,000 வீதம் 30 வருஷம், பத்து சதவீதம் வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால் இரண்டேகால் கோடிக்குக் கொஞ்சம் மேல் வரும். பத்து வருஷம் தள்ளி ஆரம்பித்தால் 76 லட்சம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை 22 வயதில் யாராவது என் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். சந்தோஷப்படுவதற்குள் அடுத்த கட்டத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். விலைவாசி வருஷத்துக்கு ஆறு சதவீதம் ஏறினால், அந்த இரண்டேகால் கோடி இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 39 லட்சம்தான். பத்து சதவீதத்துக்கும் யாரும் உத்தரவாதம் தரவில்லை.

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இது எதுக்குங்கண்ணு?”

“வயசான காலத்துக்குங்கப்பா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஏன், பாப்பா மேல நம்பிக்கை இல்லையா?” என்றார்.

“இருக்குதுங்கப்பா. அதனாலதான்.”

அவருக்கு அது புரியவில்லை. உண்மையில் எனக்கே அன்றைக்குப் புரிந்திருக்கவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு தகப்பன் தன் முதுமைக்குத் தனியாகப் பணம் ஒதுக்குவது, மகள் கைவிட்டுவிடுவாள் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது மாதிரி அவருக்குப் பட்டது. அவர் தலைமுறையில் அது கிட்டத்தட்ட அவமானம்.

அவர் சொன்னதில் பாதி சரி. யார் எவ்வளவு சேர்த்தாலும் முதியவர்கள் எல்லோரும் இளையவர்கள் கையால்தான் சாப்பிடுகிறார்கள். பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் 1958-இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. அவர் ஒரு கற்பனை உலகத்தை எடுத்துக்கொள்கிறார். அங்கே ஒவ்வொருவருக்கும் மூன்று பருவம். முதல் இரண்டில் உழைக்கலாம், மூன்றாவதில் முடியாது. எந்தப் பொருளையும் பத்திரப்படுத்த முடியாது, எல்லாம் கெட்டுப்போகும். அப்படியானால் மூன்றாம் பருவத்தில் எப்படி உண்பது? அப்போது உழைத்துக்கொண்டிருக்கிற யாராவது தந்தால்தான் உண்டு. ஆனால் தருகிறவனுக்குக் கிழவனால் திருப்பித் தர முடியாது. அவன் தனக்குப் பின்னால் வருகிறவனிடம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தச் சங்கிலி அறாமல் இருக்க ஒரு ஏற்பாடு வேண்டும். அது வழக்கமாக இருக்கலாம், சட்டமாக இருக்கலாம், பணமாக இருக்கலாம்.

நம் உலகமும் பெரும்பாலும் அதுதான். 2055-இல் நான் சாப்பிடப்போகிற அரிசியை இன்று வாங்கி வைக்க முடியாது. என்னைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்கப்போகிற நர்ஸின் கைகளை லாக்கரில் போட முடியாது. என் கணக்கில் ஏறுகிற எண், அன்றைக்கு இளைஞர்களாக இருப்பவர்களின் உழைப்பில் ஒரு பங்கு கேட்கும் டோக்கன், அவ்வளவே. அந்த அர்த்தத்தில் சுயசார்பான முதுமை என்று ஒன்று கிடையாது. எத்தனை கோடி இருந்தாலும் கிடையாது.

அப்படியானால் சேமிப்பு எதை மாற்றுகிறது? யாரிடம் கேட்கிறோம் என்பதை மாற்றுகிறது. சேமிக்காதவன் எல்லாப் பாரத்தையும் ஒரே ஒருவர் தலையில் வைக்கிறான், தனக்குப் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக. அவளுக்கு வேலை போகலாம், கல்யாணம் முறியலாம், அவளே நோயில் விழலாம். அப்போதும் அவள் கொடுத்தாக வேண்டும். டோக்கன் அந்தப் பாரத்தை ஆயிரம் முகம் தெரியாதவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது, அவர்கள் விரும்பி விற்பதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. பாப்பா என்னைப் பார்க்க வரட்டும். வரமுடியாத வருஷத்தில் நான் பட்டினி கிடப்பேன் என்ற நினைப்பு அவளை இழுத்து வர வேண்டாம்.

*

இதோடு நிறுத்தியிருப்பேன். அதற்குப் பிறகு தெரிந்த ஒரு விஷயம் என் எண்ணத்தைத் திருப்பியது.

அப்பாவுக்கு மாதம் பத்தாயிரம் அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லமாட்டார், கேட்கவும் மாட்டார். ஒரு நாள் வீட்டுப் பத்திரம் தேடும்போது பீரோவில் தபால் ஆபீஸ் ஆர்.டி. பாஸ்புக் ஒன்று கிடைத்தது. மாதம் ஏழாயிரம். வாரிசுப் பெயர் என் மகளுடையது. அவர் முதுமைக்கு நான் கொடுத்தது அவர் கையில் தங்காமல் நேராகப் பேத்திக்குப் போயிருக்கிறது. 2006-இல் செய்ததையே இன்னொரு முறை செய்துகொண்டிருக்கிறார், இந்தத் தடவை என் பணத்தில்.

ஆனால் அந்த 2,140-ஐ அவர் ஆர்.டி.யில் போடுவதில்லை. சாயங்காலம் பேக்கரிக்குப் போவார். பழைய மில்காரர்கள் நான்கைந்து பேர் வருவார்கள். டீ, தேங்காய் பன். மாதத்தின் முதல் வாரம் அப்பாதான் காசு கொடுப்பார், யாரையும் பையில் கை வைக்க விடமாட்டார். உள்ளூர் மாரியம்மன் நோம்பிக்கு வரி கொடுப்பதும் அதிலிருந்துதான். ஒறம்பரை வீட்டுக் குழந்தை கையில் ஐம்பது ரூபாய் வைப்பதும் அதிலிருந்துதான். நான் கொடுக்கும் பணம் ஐந்து மடங்கு. அதிலிருந்து ஒரு டீகூட அவர் யாருக்கும் வாங்கித் தந்ததில்லை. அம்மாவிடம் கேட்டேன். “அது பையன் காசு, இது என்ற காசுன்னு சொல்லுவாருடா” என்றாள்.

பிச்சை வாங்காமல் இருக்கத்தான் முதுமைக்குப் பணம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்பா வேறொன்றைக் காட்டினார். பிறருக்குக் கொடுக்க முடிந்தால்தான் ஒருவர் ஆளாக இருக்கிறார். வாங்கிச் சாப்பிடுவதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, நான் அனுப்புவதை வாங்கிக்கொள்கிறார். ஆனால் வாங்கிய பணத்தில் தாராளமாக இருக்க அவரால் முடியவில்லை. அந்தச் சின்ன, இத்துப்போன, விலைவாசிக்குத் தோற்றுப்போன பென்ஷன்தான் அவரை இன்னும் கொடுக்கிறவராக வைத்திருக்கிறது.

வள்ளுவர் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்து பேரைச் சொல்லும்போது முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகியோரோடு கடைசியாகத் தன்னையும் சேர்க்கிறார். பள்ளியில் படித்தபோது அது எனக்குச் சுயநலம் மாதிரி இருந்தது. தான் இருந்தால்தானே மற்ற அறங்களைச் செய்ய முடியும், அதனால் தன்னைக் காப்பதும் அறம்தான் என்று அதற்குப் பரிமேலழகர் விளக்கம் சொல்கிறார். இதை உடல் உயிரோடு இருப்பது என்று மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருந்தும் கொடுக்க எதுவும் இல்லாமல் போகலாம் என்பது எழுபது வயதுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது. அப்பாவுக்கு அன்றைக்குச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: பாப்பாவிடம் வாங்கமாட்டேன் என்பதற்காகச் சேர்க்கவில்லை. எண்பதிலும் அவள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாமல் இருப்பதற்காகச் சேர்க்கிறேன்.

*

இப்படி எழுதிவிட்டுச் சேமியுங்கள் என்று முடித்தால் பாதி அயோக்கியத்தனம். மிச்சம் பிடிக்க முடிந்தவனுக்குத்தான் இது கடமை.

சோமனூரில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரருக்கு பி.எஃப். இல்லை. திருப்பூரில் பீஸ் ரேட்டில் ஓவர்லாக் அடிக்கும் பெண் மாதக் கணக்கில் சீசன் இல்லாமல் உட்காருவாள். கொங்கு மில்களில் மூன்று வருஷ வேலைக்குக் கடைசியில் மொத்தமாகப் பணம் என்று சொல்லி இளம்பெண்களைச் சேர்த்ததற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் கூலியைப் பிடித்து வைக்கத் தெரிந்தது, அது கல்யாணத்துக்கு என்று சொல்லவும் தெரிந்தது, அவர்களுக்கும் அறுபது வயது வரும் என்பது மட்டும் யார் கணக்கிலும் இல்லை. 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகளின் தொழிலாளர்கள் பி.எஃப். உள்ளவர்கள்தான். வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே அவர்களில் பலருக்கு ஓய்வு வயது நெருங்கிவிட்டது. இவர்களிடம் போய் வட்டிக்கு வட்டியின் மகிமையைப் பேச எனக்கு வாய் வராது. ஆதரவற்ற முதியோருக்குத் தமிழ்நாடு அரசு தரும் ஓய்வூதியம் இப்போது மாதம் 1,200. அது போதாது என்பதைவிட, அது இலவசம் என்று நம்மில் சிலர் முகம் சுளிப்பதுதான் எனக்கு வருத்தம். நாம் மலிவாகப் போட்டுக்கொண்ட சட்டைகளில் அவர்களுடைய பிடித்தம் இருக்கிறது. கொடுக்கும் கையை வயோதிகத்திலும் வைத்துக்கொள்ளும் உரிமை பி.எஃப். எண் உள்ளவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

என் சுயநலத்துக்காகவாவது இதை நான் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1.8. 2031-இல் மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அறுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2055-இல் என் டோக்கனை வாங்கிக்கொண்டு என்னைத் தூக்கி உட்கார வைக்கப்போகிறவள், இன்று ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து அவிநாசிச் சாலை ஓரத் தகர ஷெட்டில் பெற்றோரோடு தங்கியிருக்கும் ஒரு சிறுமியாக இருக்கலாம். அவள் பள்ளிக்குப் போகிறாளா என்பதைவிட என் ஃபண்டின் வருஷ வளர்ச்சி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அங்கேதான் என் எக்செல் கணக்கு தப்பு.

பக்கத்திலேயே இன்னொரு தப்பும் இருந்தது. அம்மா. அப்பாவின் மூன்று ஷிஃப்டுக்கும் மூன்று வேளை தூக்குப்போசி கட்டியவள், இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றியவள். அவள் பெயரில் எந்தக் கணக்கும் இல்லை. அப்பாவுக்குப் பிறகு அவளுக்கு வருவது அந்த 2,140-இல் பாதி. பேக்கரிக்குப் போகும் வழக்கமும் அவளுக்கு இல்லை என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை.

போன ஏப்ரலில் அவள் பெயரில் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஐந்து லட்சம் போட்டேன். வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 10,250 ரூபாய். படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, “எனக்கு எதுக்குடா இதெல்லாம், போச்சாது விடு” என்றாள். அதே 2006-ஆம் வருஷத்துக் குரல்.

ஜூலையில் முதல் வட்டி வந்தது. செல்போனில் குறுஞ்செய்தியை என்னிடம் காட்டிப் படிக்கச் சொன்னாள். படித்தேன். மறுநாள் காலையிலேயே தனியாக பஸ் ஏறி எங்கோ போய்விட்டு மத்தியானம் வந்தாள். எங்கே போனாள், என்ன செய்தாள் என்று அப்பா கேட்டார். சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.